லுவல்ஹாத்தி: பிலிப்பைன்ஸ் தேசிய கீதத்துக்குள் இருக்கும் ஈரல்

பிலிப்பைன்ஸ் தேசிய கீதம் முடியப்போகிற இடத்தில் இப்படி ஒரு வரி வரும்: "லூபா நாங் ஆராவ், நாங் லுவல்ஹாத்தித் பக்சிந்தா, பூஹாய் ஆய் லாங்ஙித் சா பீலிங் மோ." சூரியனின் மண்ணே, மகிமையும் காதலும் நிறைந்த மண்ணே, உன் பக்கத்தில் வாழ்வதே சொர்க்கம் என்று பொருள். பள்ளிக்கூடத்திலும் அரசு அலுவலகத்திலும் கொடியேற்றும்போது பாடிப் பாடி ஊறிப்போன வரி. இதில் 'லூபா' மண், 'ஆராவ்' சூரியன், இரண்டும் அந்த மண்ணின் சொந்தச் சொற்கள். சிக்கல் மூன்றாவது சொல்லில், 'லுவல்ஹாத்தி'யில். மகிமை, பேரின்பம், பரலோக மாட்சி என்று பல சாயல்கள் அதற்கு உண்டு. கத்தோலிக்கர் ஜெபமாலை சொல்லும்போது "லுவல்ஹாத்தி சா ஆமா", அதாவது பிதாவுக்கு மகிமை, என்று திரும்பத் திரும்பச் சொல்வார்கள். பெண் குழந்தைக்குப் பெயராகவும் வைக்கிறார்கள். இவ்வளவு உயரத்தில் உட்கார்ந்திருக்கிற இந்தச் சொல் எங்கிருந்து வந்தது, இதில் எது இரவல், எது சொந்தம் என்பதைத்தான் இங்கே முழுக்க அலசப் போகிறேன். இந்தக் கீதத்தின் மொழிக்கு அடிப்படையான தகாலோக்கில் இவ்வளவு தடயம் விட்டுவைத்த சொல் வேறு எனக்குத் தெரிந்து இல்லை.

வாசிப்பதற்கு முன் ஒரு சின்ன விஷயம். நம் எழுத்தில் க, ப, த, ட எல்லாம் இரண்டிரண்டு ஒலிக்கு நிற்பவை, ஆனால் இந்தக் கதையில் அந்த வேறுபாடு முக்கியம். அதனால் தகாலோக் சொற்களின் நடுவிலோ கடைசியிலோ ஒற்றை 'க' வந்தால் 'தங்கம்' என்பதில் வரும் க மாதிரி வாசியுங்கள். 'நியோக்' என்று எழுதினாலும் கடைசியில் கேட்பது அந்த மெல்லொலிதான்.

சரி, சொல்லைப் பிரிப்போம். 'லுவால்' ஒரு துண்டு, 'ஹாத்தி' ஒரு துண்டு. மலாய் தெரிந்தவர்களுக்கு, குறிப்பாக மலேசியா, சிங்கப்பூர்த் தமிழர்களுக்கு, 'ஹாத்தி' உடனே பிடிபட்டுவிடும். மலாயில் ஹாத்தி என்றால் மனசு. ரயில் நிலையத்தில் தினமும் காதில் விழுகிற "பெர்ஹாத்தி-ஹாத்தி" கூட அதே சொல்தான், 'கவனமாக இருங்கள்' என்று அர்த்தம். ஆனால் ஒலி ஒத்திருக்கிறது என்பதை மட்டும் வைத்து இது மலாயிலிருந்து வந்தது என்று எழுதிவிட முடியாது. தகாலோக்கும் மலாயும் ஒரே குடும்பம், ஆஸ்திரோனேசியக் குடும்பம். அக்கா தங்கை இருவரிடமும் பாட்டியின் நகை இருந்தால் ஒருத்தியிடமிருந்து இன்னொருத்தி இரவல் வாங்கினாள் என்று எப்படிச் சொல்வது? பாட்டி இருவருக்குமே கொடுத்திருக்கலாம் இல்லையா? இதைப் பிரித்தறிய ஒரே வழி ஒலி மாற்ற விதிகள். அவை கெட்டியான விதிகள், ஆளுக்குத் தக்கபடி வளையாதவை.

முதல் விதி. மூதாதை மொழியில் தொண்டைக்குள் பிறந்த ஒரு ஒலி சொல்லின் தொடக்கத்தில் இருந்தால் மலாயில் அது 'ஹ' ஆகும். தகாலோக்கில் அந்த 'ஹ' இருக்காது, சொல் நேராக உயிரெழுத்தில் தொடங்குகிற மாதிரி கேட்கும். மழைக்கு மலாயில் ஹுஜான், தகாலோக்கில் உலான். கறுப்புக்கு ஹித்தாம், இத்திம். தலை என்ற பொருளில் பிறந்த ஹுலு இங்கே ஊலோ. இரண்டாவது விதி, கடைசியில் 'அய்' என்று முடிந்த பழைய சொற்கள் சில மலாயில் 'இ' ஆகச் சுருங்கின, தகாலோக்கில் 'ஆய்' ஆகவே நின்றன. சாவதற்கு மலாயில் மாத்தி, தகாலோக்கில் அதே வேரிலிருந்து பத்தாய். கொடுப்பதற்கு மலாயில் பெரி, தகாலோக்கில் பிகாய்.

இப்போது இந்த இரண்டு விதியையும் 'ஹாத்தி' மேல் பொருத்திப் பாருங்கள். பாட்டி கொடுத்த சொல்லாக இருந்தால் தகாலோக்கில் முன்னால் ஹ இருக்கக் கூடாது, பின்னால் இ இருக்கக் கூடாது, ஆய் இருக்க வேண்டும். அதாவது 'அத்தாய்' என்று இருக்க வேண்டும். இருக்கிறதா? இருக்கிறது! 'அத்தாய்' என்பது தகாலோக்கில் அன்றாடச் சொல். அதற்குப் பொருள் ஈரல்.

எனக்கு இந்த ஆய்வில் மிகவும் பிடித்த இடம் இதுதான். ஒரே மூலச்சொல் இரண்டு வழியாக ஒரே மொழிக்குள் வந்து சேர்ந்திருக்கிறது. பரம்பரையாக வந்தது 'அத்தாய்' என்ற வடிவத்தில் சமையலறையில் இருக்கிறது. கோழி ஈரலை வினிகரும் சோயா சாஸும் பூண்டும் போட்டு வேகவைத்தால் அது 'அடோபோங் அத்தாய்'. முழுப் பன்றியைச் சுட்டுப் பரிமாறும் லெச்சோனுக்குத் தொட்டுக்கொள்ளும் கெட்டிக் குழம்பில் அரைத்த ஈரல்தான் ருசி. அதே சொல் மலாய் வழியாகச் சுற்றிக்கொண்டு வந்தபோது 'ஹாத்தி' என்று தேவாலயத்துக்குள்ளும் தேசிய கீதத்துக்குள்ளும் போய்விட்டது.

ஈரலுக்கும் மனசுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்க வேண்டியதே இல்லை, நமக்குத் தெரியாததா? 'ஈரக்குலையே நடுங்கிப் போச்சு' என்கிறோம். பயம் வந்தால் நமக்கும் அங்கேதான் ஆடுகிறது. ஆஸ்திரோனேசிய மக்களிடம் இது இன்னும் பழைய, இன்னும் அகலமான பழக்கம். மடகாஸ்கரில் ஈரலுக்கு 'ஆத்தி', சமோவாவில் 'ஆத்தே', நியூசிலாந்தின் மவோரி மக்களிடமும் 'ஆத்தே'. ஆப்பிரிக்கக் கரையிலிருந்து பசிபிக்கின் தெற்கு மூலை வரை ஒரே சொல் போயிருக்கிறது, மவோரியில் உணர்ச்சிகளின் இருப்பிடமும் அதுவேதான். மலாயில் இன்றும் ஹாத்தி இரண்டு வேலையும் பார்க்கிறது. 'ஹாத்தி ஆயாம்' என்று கடையில் கேட்டால் கோழி ஈரல் கிடைக்கும், 'சாகித் ஹாத்தி' என்றால் மனத்தாங்கல், 'மாக்கான் ஹாத்தி' என்றால் உள்ளுக்குள்ளேயே வெந்து புழுங்குவது. துடிக்கிற இதயத்துக்கு அவர்களிடம் 'ஜாந்துங்' என்று தனிச்சொல் இருக்கிறது. தகாலோக்குக்குப் பக்கத்து உறவான செபுவானோவில் 'அத்தாய்' என்பதையே எரிச்சலில் வசைச்சொல்லாக வீசுவார்கள், சபையில் சொல்லக்கூடிய சொல் இல்லை.

தகாலோக் மட்டும் இந்த வழியில் போகவில்லை. அங்கே ஈரல் வெறும் ஈரல். துடிக்கும் இதயத்துக்கு 'பூசோ' (வாழைப்பூவையும் வாழையின் பூசோ என்றே சொல்வார்கள்). மனசு, எண்ணம், உள்ளுணர்ச்சி எல்லாவற்றுக்கும் 'லோஓப்', அதாவது உள். நம் 'உள்ளம்' போலவே. மனத்தாங்கலுக்கு 'சாமா நாங் லோஓப்', உள்ளின் கெடுதல். தைரியத்துக்கு 'லக்காஸ் நாங் லோஓப்', உள்ளின் பலம். நன்றிக்கடனுக்கு 'ஊத்தாங் நா லோஓப்', உள்ளின் கடன். மலாயில் ஹாத்தி பார்க்கிற வேலைகளில் பெரும்பகுதியைத் தகாலோக்கில் லோஓப் பார்க்கிறது. இதைக் கவனிக்காமல் இந்தச் சொல்லின் வரலாற்றை எழுதினால் தப்பாகப் போய்விடும், ஏனென்றால் இரவல் சொல் எப்போதும் காலி இடத்தை நிரப்பத்தான் வரும் என்று நாம் நினைக்கிறோம், இங்கே காலி இடமே இல்லை. சொந்தச் சொல் செழிப்பாக இருக்கும்போதே ஹாத்தி வந்திருக்கிறது, அதுவும் தனியாக வரவில்லை. தனிச்சொல்லாக 'என் ஹாத்தி வலிக்கிறது' என்று தகாலோக்கில் யாரும் சொல்ல மாட்டார்கள். அது கூட்டுச்சொற்களுக்குள் மட்டும்தான் வாழ்கிறது. அந்தக் கூட்டுச்சொற்கள் எல்லாமே உயர்ந்த நடைக்குரியவை.

அவற்றில் இரண்டாவது சாட்சி 'டாலம்ஹாத்தி'. ஆழ்ந்த துயரம், துக்கம். இறப்புச் செய்தியில் 'நக்டாடாலம்ஹாத்தி' என்றால் துக்கத்தில் இருக்கிறார்கள் என்று அர்த்தம். மலாயில் 'டாலாம்' என்றால் உள்ளே, ஆழம். 'டாலாம் ஹாத்தி' என்பது அங்கே மிகச் சாதாரணமான பேச்சு, 'மனசுக்குள்ளே' என்று அர்த்தம், துக்கம் என்றெல்லாம் இல்லை. இதுவும் இரவலா, சொந்தமா? இதற்கும் விதி இருக்கிறது. மூதாதை மொழியில் குற்றுயிராக முனகலாக ஒலித்த ஒரு உயிர், கடைசி அசையில் வந்தால், மலாயில் அ ஆகும், தகாலோக்கில் இ ஆகும். கறுப்புக்கு ஹித்தாம், இத்திம் என்று மேலே சொன்னேனே, அதிலேயே தெரிகிறது. ஆறு என்ற எண்ணுக்கு மலாயில் எனாம், தகாலோக்கில் ஆனிம். அப்படியானால் டாலாமுக்கு இணையாகத் தகாலோக்கில் இகரத்தோடு ஒரு சொல் இருக்க வேண்டும். இருக்கிறது, 'லாலிம்', ஆழம். முதல் ட பக்கத்து ல-வோடு ஒத்துப்போய் ல ஆகிவிட்டது, அவ்வளவுதான். கிணறு ஆழம், கடல் ஆழம் எல்லாம் லாலிம். ஆக டாலம்ஹாத்தியில் இரண்டு துண்டும் மலாய், இரண்டு துண்டுக்கும் சொந்த இரட்டைப்பிறவி வீட்டிலேயே இருக்கிறது. இந்தச் சொல்லில் தீர்ப்பு சொல்வதில் ஒரு தயக்கமும் இல்லை.

இனி கஷ்டமான பகுதி, 'லுவால்'.

தகாலோக்கில் லுவால் தனியாகவும் உண்டு, வெளியே வருவது என்ற பொருளில். குழந்தை பிறந்ததை 'இனிலுவால்' என்பார்கள், வெளியே கொண்டுவரப்பட்டது. ஒருவருக்காக நாம் முதலில் கைக்காசைப் போட்டுச் செலவழித்துவிட்டு அப்புறம் வாங்கிக்கொள்வதற்கு 'பாலுவால்' என்று சொல், பணம் பையிலிருந்து முன்கூட்டியே வெளியே வருகிறது அல்லவா. இப்படிப் பிரசவம் வரை, காசு வரை புழங்குகிற சொல்லைப் பார்த்தால் யாருக்கும் இது சொந்தச் சொல்தான் என்று தோன்றும், அப்படிக் கொண்டால் லுவல்ஹாத்தி பாதி சொந்தம், பாதி இரவல். ஆனால் மலாயில் 'லுவார்' என்றால் வெளியே. கடைசி எழுத்து மட்டும் வேறு. அந்த ர், ல் வேறுபாட்டில்தான் நான் நிற்கிறேன்.

ஏனென்றால் பரம்பரைச் சொற்களில் மலாய் ர் வருகிற இடத்தில் தகாலோக்கில் பெரும்பாலும் க் வரும். முட்டைக்கு தெலுர், இட்லோக். உதட்டுக்கு மலாயில் பிபிர், தகாலோக்கில் வாய்க்கு பிபிக். அரிசிக்கு பெராஸ், பிகாஸ். தென்னைக்கு ஞியுர், நியோக். புதுசுக்கு பஹாரு, பாகோ. மேலே சொன்ன பெரி, பிகாய் ஜோடியில் இரண்டு விதியும் ஒரே சொல்லில் சேர்ந்து நிற்கின்றன, எனக்கு அந்த ஜோடியைப் பார்க்கும்போதெல்லாம் சந்தோஷம். இதற்கு மாறாக, மலாயிலிருந்து பிற்பாடு வாங்கிய சொற்களில் ர் வந்த இடத்தில் ல் உட்கார்ந்துவிடும். கதைக்கு மலாயில் 'ச்செரித்தா', தகாலோக்கில் 'சலித்தா', பேச்சு, சொல். செய்திக்கு பெரித்தா, பலித்தா. விலைக்கு ஹர்கா, ஹலகா. க் என்றால் பரம்பரை, ல் என்றால் பெரும்பாலும் இரவல். லுவாலில் இருப்பது ல். அதனால் லுவாலும் மலாயிலிருந்து வந்து, வீட்டுப் பிள்ளையாகவே வளர்ந்து, பிரசவ அறை வரை போய்விட்ட சொல் என்பதுதான் என் முடிவு. சலித்தாவும் அப்படித்தானே, இன்று அது இல்லாமல் தகாலோக்கில் பேச்சைப் பற்றிப் பேசவே முடியாது.

ஆனால் முழுச்சொல்லையும் மலாயிலிருந்து தூக்கிக்கொண்டு வந்தார்கள் என்று சொல்ல மாட்டேன். 'டாலாம் ஹாத்தி' மலாயில் தினசரிப் பேச்சு. 'லுவார் ஹாத்தி' என்று மகிமைக்கோ மகிழ்ச்சிக்கோ மலாயில் வழக்கு இல்லை. துண்டுகள் மலாயிலிருந்து வந்தன, ஜோடி சேர்த்தது மணிலாப் பக்கத்து ஆட்கள் என்றே எனக்குப் படுகிறது. உள்ளே அடங்கிக் கிடக்கிற மனசு டாலம்ஹாத்தி, துயரம். வெளியே திறந்துவிட்ட மனசு லுவல்ஹாத்தி, ஆனந்தம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் இரண்டாவதன் பொருள் விளங்குகிறது. ஒன்றைப் பார்த்து இன்னொன்றைச் செய்திருக்கிறார்கள்.

இதற்குத் தேசிய கீதத்திலேயே ஒரு துணைச்சான்று இருக்கிறது. கீதத்தின் இசையை ஹூலியான் ஃபெலிப்பே 1898-ல் அமைத்தார், அந்த ஆண்டு ஜூன் 12-ல் கவித் ஊரில் விடுதலை அறிவித்தபோது அது ஒலித்தது, அப்போது வார்த்தையே கிடையாது. அடுத்த ஆண்டு ஹோசே பால்மா ஸ்பானிய மொழியில் ஒரு கவிதை எழுதினார், அது இசையோடு சேர்ந்தது. இன்று பாடும் பிலிப்பினோ (தகாலோக்கை அடிப்படையாகக் கொண்ட தேசிய மொழி) வரிகள் 1956-ல் வந்தவை, பிறகு கொஞ்சம் திருத்தினார்கள். பால்மாவின் வரியில் அந்த இடத்தில் இருப்பது 'தியெர்ரா தே தீச்சாஸ், தே சோல் இ அமோரெஸ்', அதாவது இன்பங்களின் மண், சூரியனின் மண், காதல்களின் மண். ஒவ்வொன்றாகப் பொருத்துங்கள். மண்ணுக்கு லூபா, சூரியனுக்கு ஆராவ், காதலுக்கு பக்சிந்தா. மிச்சம் இருப்பது 'தீச்சாஸ்', இன்பங்கள், அதற்கு எதிரில் நிற்பது லுவல்ஹாத்தி. ஸ்பானிய மொழியில் மகிமைக்கு 'குளோரியா' என்ற சொல் தனியாக இருக்கிறது, பால்மா அந்த இடத்தில் அதைப் போடவில்லை. மொழிபெயர்த்தவர்கள் சாதாரண மகிழ்ச்சிக்குரிய 'துவா', 'லிகாயா' இரண்டையும் விட்டுவிட்டு இதை எடுத்திருக்கிறார்கள். இசைக்குள் அடங்க வேண்டும் என்ற நெருக்கடியும் இருந்திருக்கும், நாலு அசை வேண்டியிருந்திருக்கும். ஆனாலும் இன்பம் என்று சொல்ல வந்த இடத்தில் இந்தச் சொல் கூசாமல் பொருந்துகிறது என்பதே போதும். பரலோக மகிமை என்கிற கனமான பொருள் பாதிரிமார் கொடுத்தது. அடியில் இருப்பது திறந்த மனசின் மகிழ்ச்சி.

மலாய் எப்படி அங்கே போனது? இதற்கு ஆதாரம் நிறையவே இருக்கிறது. 1989-ல் லகூனா மாகாணத்தில் ஆற்றுமணல் அள்ளும்போது ஒரு செப்புத்தகடு கிடைத்தது. ஆய்வாளர் அன்டூன் போஸ்ட்மா அதைப் படித்தார். சக ஆண்டு 822, அதாவது பொது ஆண்டு 900. நம்வாரான் என்பவரின் கடன் தீர்ந்தது, அவர் பிள்ளைகளுக்கு இனிப் பொறுப்பில்லை என்று எழுதிக்கொடுத்த பத்திரம் அது. மணிலாவின் தொண்டோ பகுதியைக் குறிப்பதாகக் கருதப்படும் 'துண்டுன்' என்ற பெயரும் அதில் இருக்கிறது. எழுதியிருக்கும் மொழி பழைய மலாய், சமஸ்கிருதச் சொற்கள் நிறையக் கலந்தது. ஒரு குடும்பத்தின் கடன் விஷயத்தைப் பதிவு செய்ய மலாய் தேவைப்பட்டிருக்கிறது என்றால் அது அங்கே சட்டத்தின், மரியாதையின் மொழியாக இருந்திருக்கிறது.

அப்புறம் 1521. ஸ்பெயினுக்காகக் கப்பலோட்டிய மெகல்லனோடு வந்த அடிமை என்ரிக்கே மலாய் பேசத் தெரிந்தவர். லிமசாவா தீவில் படகில் வந்தவர்களோடும் அவர்களின் அரசனோடும் அவர் பேசினார், அரசனுக்குப் புரிந்தது. அந்தப் பயணத்தின் குறிப்புகளை எழுதிய பிகாஃபெத்தா இதை எழுதிவைத்துவிட்டு, இந்தப் பக்கத்து அரசர்களுக்கு மற்றவர்களைவிடக் கூடுதல் மொழிகள் தெரியும் என்றும் சேர்த்து எழுதினார். என் பார்வையில் லுவல்ஹாத்தியின் முழு வரலாறும் அந்த ஒரு குறிப்பில் அடங்கியிருக்கிறது. மலாய் எல்லோருக்கும் தெரிந்த மொழி இல்லை, அரசர்களுக்கும் வணிகர்களுக்கும் தெரிந்த மொழி. மணிலாவை ஆண்டவர்களோ புருனே அரச குடும்பத்தோடு கல்யாண உறவு வைத்தவர்கள். முதிய ராஜா மத்தாண்டா இளைஞராக இருந்தபோது புருனேயின் கப்பற்படைக்குத் தலைமை தாங்கிப் போய், அதே 1521-ல் மெகல்லன் கூட்டத்தில் மிஞ்சியவர்களிடம் பிடிபட்டவர். அப்படிப்பட்ட சபையில் துக்கத்தையும் ஆனந்தத்தையும் அழகாகச் சொல்ல வேண்டிய நேரத்தில் வீட்டுச் சொல்லான லோஓப்பை விட்டுவிட்டு ஹாத்தியை எடுத்திருப்பார்கள். ஈரலுக்கு யாரும் மலாய்ச் சொல் தேடிப் போகவில்லை, அடுப்படியில் அத்தாய் போதும். மேடைக்கு வேறு சொல் வேண்டியிருந்தது.

ஸ்பானியப் பாதிரிமார் வந்து ஜெபங்களைத் தகாலோக்கில் ஆக்கினார்கள். 1593-லேயே மணிலாவில் தகாலோக்கில் ஞானோபதேசப் புத்தகம் அச்சாகிவிட்டது. பல கிறிஸ்தவச் சொற்களை ஸ்பானியமாகவே விட்டுவிட்டார்கள், 'கிராசியா', 'சாந்தோ' மாதிரி. 'குளோரியா'வுக்கோ உள்ளூரில் ஏற்கெனவே உயரத்தில் இருந்த சொல் தகுதியாகத் தெரிந்திருக்கிறது. அதிலிருந்து லுவல்ஹாத்தி ஏறியது இறங்கவே இல்லை.

இப்போது சொந்த மண்ணின் பங்கு என்ன என்று பார்க்க வேண்டும், ஏனென்றால் துண்டுகள் இரண்டும் இரவல் என்றதும் சொல்லே அந்நியம் என்று ஆகிவிடாது. மகிமை என்ற கருத்தை முழுமையாகச் சொல்ல 'கலுவல்ஹாத்தியான்' என்பார்கள். முன்னால் 'க', பின்னால் 'ஆன்', இரண்டும் சேர்ந்து ஒரு வேரைத் தூய கருத்தாக மாற்றும், அழகு என்பதை அழகின் தன்மை என்று ஆக்குவது போல. இது முழுக்கத் தகாலோக் இலக்கணம், மலாயிடமிருந்து வாங்கியதில்லை. 1905-ல் வந்த தகாலோக் பைபிளில் கர்த்தர் ஜெபத்தின் முடிவில் ராஜ்யமும் வல்லமையும் மகிமையும் என்று வருகிற இடத்தில் மகிமைக்கு இந்த நீண்ட வடிவம்தான்.

அந்த வடிவத்துக்குள்ளேயே இன்னொரு தடயம் இருக்கிறது, கொஞ்சம் நுணுக்கமானது. தகாலோக்கில் உயிரில் முடியும் சொல்லோடு 'ஆன்' சேர்ந்தால் நடுவில் ஹ வரும். காதலைக் குறிக்கும் 'சிந்தா'வோடு சேர்ந்தால் 'கசிந்தாஹான்', காதலர். ஆனால் கலுவல்ஹாத்தியானில் ஹ வரவில்லை. காரணம், தகாலோக்காரர் ஹாத்தி என்று சொல்லும்போது கடைசியில் தொண்டையை ஒரு வெட்டு வெட்டி நிறுத்துகிறார்கள். மலாயில் ஹாத்திக்கு அந்த வெட்டு கிடையாது. எங்கிருந்து வந்தது? தகாலோக்கில் 'ஹாத்தி' என்று வேறொரு சொல் இருக்கிறது, பாதி, பங்கு என்று பொருள், அதற்குக் கடைசியில் அந்த வெட்டு உண்டு. நள்ளிரவு 'ஹாத்திங் கபி', பாதி இரவு. பண்டத்தை அண்ணன் தம்பி மாதிரி சமமாகப் பிரித்துக்கொள்வது 'ஹாத்திங் கபத்தித்'. மலாய் மனசு வந்து இந்தப் பாதிக்குப் பக்கத்தில் நின்றதும் அதன் உச்சரிப்பு ஒட்டிக்கொண்டது என்று நினைக்கிறேன். மலாய் இரவல்களில் வேறு சிலவற்றிலும் இந்த வெட்டு சேர்ந்திருக்கிறது, சலித்தாவிலும் உண்டு, ஆகவே பாதி மட்டுமே காரணம் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் இன்று ஒரு தகாலோக்காரர் காதில் இந்தச் சொற்களின் வால் 'பாதி' என்றுதான் விழும்.

மூன்றாவது உறவுச்சொல் 'பிக்ஹாத்தி', நெஞ்சைப் பிழியும் சோகம், அதில் இந்தப் 'பாதி' என்ற எண்ணம் அதிகம் வேலை செய்கிறது. மலாயின் 'பெடிஹ் ஹாத்தி', எரியும் மனசு, என்பதிலிருந்து இது வந்ததாகப் பொதுவாகக் கருதுகிறார்கள். நடுவில் ட், க் ஆகியிருப்பதால் மற்ற இரண்டையும்போல இது அவ்வளவு சுத்தமான வழக்கு இல்லை, பொருள் மட்டும் கச்சிதமாகப் பொருந்துகிறது.

நம் பக்கத்து வாசகர்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். ஹாத்தி என்றதும் 'ஹ்ருதயம்' என்று சிலருக்கு ஓடும். ஓட வேண்டாம். ஹுஜான்-உலான் விதியில் சிக்குகிற சொல் அது, மடகாஸ்கரிலும் நியூசிலாந்திலும் இருக்கிற சொல், சமஸ்கிருதத்துக்கு அதில் ஒரு பங்கும் இல்லை. ஒலி ஒப்புமை எவ்வளவு ஏமாற்றும் என்பதற்குக் கீதத்தின் அதே வரியே போதும், தகாலோக்கில் மண்ணான 'லூபா' மலாயில் 'மறந்துபோவது'. அந்த வரியில் நமக்குச் சொந்தம் கொண்டாட ஒன்று வேண்டுமென்றால் அடுத்த சொல் இருக்கிறது, 'பக்சிந்தா'. 'பக்' தகாலோக் முன்னொட்டு. 'சிந்தா' மலாயின் 'ச்சிந்தா', அது சமஸ்கிருதத்தின் சிந்தா, நாம் சிந்தை, சிந்தனை என்று வைத்திருப்பது. வடமொழியில் யோசனையும் கவலையுமாக இருந்தது மலாய்க்குப் போனதும் காதலாகி, அப்படியே மணிலா சேர்ந்தது. தமிழிலிருந்தே நேராகக் கிளம்பியவையும் அதே கப்பல்களில் போயிருக்கின்றன. மாங்காய் மலாயில் மங்கா ஆகி, தகாலோக்கிலும் மங்காவாகவே இருக்கிறது. காவல் மலாயில் காவால் ஆகி, தகாலோக்கில் 'கவால்', போர்வீரன்.

துக்க வீட்டுக்கு அனுப்பும் செய்தியில் தகாலோக்காரர் எழுதும் 'நக்கிக்கிடாலம்ஹாத்தி' என்ற வினைச்சொல்லையும் இந்த வழக்கில் சேர்த்துவிடுகிறேன். முன்னால் இருக்கிற 'நக்கிக்கி' என்பது மற்றவர் செய்வதில் நாமும் போய்ச் சேர்ந்துகொள்வதைக் குறிக்கும், முழுக்க உள்ளூர் இலக்கணம். சாப்பாட்டில் சேர்ந்துகொள்வதற்கும் அதையே போடுவார்கள். அதன் பின்னால் மலாயின் டாலாம், அதன் பின்னால் மலாயின் ஹாத்தி. உங்கள் துயரத்தில் நாங்களும் சேர்ந்துகொள்கிறோம் என்று பொருள். அனுப்புகிறவர் யாரும் இதில் இரவல் எது, சொந்தம் எது என்று பிரித்துப் பார்ப்பதில்லை.